முட்டையிட்ட இடம்

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அம்மா, உருண்டை, நான் மூவரும் சுகம். நீ சுகமா என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். போன கடிதத்தில், ‘வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் காலை வெந்நீரில் வைத்துக்கொள்கிறேன்’ என்று எழுதியிருக்கிறாய். எந்த வீடு?

அந்த வடகோடிப் பனி நாட்டு வேலை முகாமில் உனக்கு இருப்பது ஓர் அறை. அதிலும் பாதி. மீதிப் பாதியில் ஒரு சமையல்காரி குறட்டை விடுகிறாள் என்று நீதான் எழுதினாய். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அந்த இடத்தை ‘அறைக்கு வந்ததும்’ என்று மாற்றிப் படித்தேன்.

இதைப் போனில் கேட்கக் கூடாதா என்பாய். உப்பள ஆபீசில் கணக்கர் எதிரே உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருப்பார். அம்மா அழுது முடித்து என் கையில் கொடுப்பதற்குள் லைன் போய்விடும். போகாவிட்டாலும் எனக்கு வாய் வராது. எழுதினால்தான் வருகிறது.

நம் பேச்சு உனக்கு நினைவிருக்கும். உருண்டை பால் மறந்ததும் நீ கிளம்பினாய். இரண்டு கோடை நீ வேலை பார்ப்பது, அதுவரை நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு உன் குழந்தையைப் பார்ப்பது, நீ வந்ததும் நான் திரும்பப் போவது. இது இரண்டாவது கோடை. பெரிய டீச்சர் தெருவில் என்னை நிறுத்தி, ஜனவரியில் வந்து சேராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்றார். கடல் உறைவதற்கு முன் செப்டம்பரில் ஒரு கடைசிக் கப்பல் உண்டென்று எழுதியிருந்தாயே, அதில் நீ ஏறிவிட்டால் போதும்.

உப்புப் பாத்திகளில் கொசு உள்ளான் பறவைகள் கிளம்பிக்கொண்டிருக்கின்றன. குளிர்காலம் முழுக்கச் சாம்பல் நிறமாக ஓடித்திரிந்தவை இப்போது துருப்பிடித்த நிறத்துக்கு மாறிவிட்டன. நன்றாகத் தின்று கொழுத்திருக்கின்றன. தீவுக்குப் போய் முட்டையிடும் என்று அம்மா வழக்கம்போலச் சொல்கிறாள். எனக்கென்னவோ உன் திசைக்குப் போவதாகத் தெரிகிறது.

கால் வலிக்கு அம்மா தைலம் அனுப்பச் சொல்கிறாள்.

உன் தங்கை


ஜூன் 12

என் செல்லத் தங்கச்சிக்கு,

நான் மிக மிகச் சுகம். கால் வலி போயே போய்விட்டது. உன் கடிதம் வந்த அதே வாரம் யார் வந்தார்கள் தெரியுமா? உன் கொசு உள்ளான்கள்!

சலவைக்கூடத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாதி பனி, பாதி சேறு. அந்தச் சேற்றில் அதே ஓட்டம், அதே கொத்து, அதே கறுப்புக் கால். நான் போட்ட சத்தத்தில் இஸ்திரி மெஷின்காரி கையைச் சுட்டுக்கொண்டாள். “எங்க ஊர்ப் பறவை இது!” என்றேன். அவள் இந்தப் பக்கத்துக்காரி. “போடி, இது எங்க பறவை. இங்கதான் பொறக்குது. குளிருக்கு ஆத்தோரக் காட்டுக்குப் போயிட்டு வந்துரும்” என்றாள். நீங்கள் தீவு என்கிறீர்கள், இவர்கள் ஆற்றங்கரை என்கிறார்கள். நல்ல வேடிக்கை!

இப்போது முகாமில் பறவைகளை ஆராய ஓர் அம்மா வந்து தங்கியிருக்கிறார். பறவைக்காரம்மா என்று கூப்பிடுகிறோம். அவர்தான் எங்கள் சண்டையைத் தீர்த்துவைத்தார். சிட்டுக்குருவி அளவு உடம்பை வைத்துக்கொண்டு அது இங்கிருந்து நம் ஊர் வரை அவ்வளவு தூரமும் பறக்கிறதாம். ஆனால் முட்டையிடும் இடம்தான் பறவைக்கு வீடு, மற்றதெல்லாம் தங்கிப் போகிற இடம் என்றார்.

சாப்பாட்டுக்கூடத்துக்கும் சலவைக்கூடத்துக்கும் நடுவே பலகைப் பாதை இருக்கிறது. அதன் ஓரத்திலேயே ஒன்று நாலு முட்டை வைத்துவிட்டது. யாரும் மிதித்துவிடாமல் இருக்க, ரோட்டு வேலைக்கு வைப்பார்களே, அந்தச் சிவப்புக் கூம்பு ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். மொத்த முகாமும் சேற்றில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போகிறது. கெட்ட வார்த்தை இல்லாமல் வாயைத் திறக்காத கிரேன்காரர்கூட அந்த இடத்தில் பூனை மாதிரி நடக்கிறார். நீ பார்த்திருந்தால் சிரித்துச் சிரித்து வயிறு வலித்திருக்கும்.

அம்மாவை வெயிலில் நிற்க வேண்டாம் என்று சொல். உருண்டைக்கு முத்தம்.

அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். சுகம் அறிந்து மகிழ்ச்சி.

கப்பல் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு முறை படித்தேன், உறையின் உள்பக்கமும் பார்த்தேன்.

உன் பறவைக்காரம்மா சொன்ன கணக்கு எனக்குப் புரியவில்லை. அங்கே கோடையில் சில வாரம் இருக்கிறது. மீதி நாளெல்லாம் இங்கே நம் பாத்திச் சேற்றில் கொத்துகிறது. நம் வெயிலில் காய்கிறது. உப்பு வாரும் பலகைக்கும் நாய்க்கும் பயந்து ஓடுகிறது. இவ்வளவும் நாங்கள் பார்க்க, அது தங்கிப் போகிற இடமா? சரி, வைத்துக்கொள்வோம். முட்டையிட்ட இடம்தான் வீடு என்றால் உன் வீடு எது? நீயே சொல்.

நாலு முட்டைக்காக ஒரு முகாமே சுற்றிப் போகிறது என்று எழுதினாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்காக யாரும் ஓர் அடி சுற்றிப் போனதாக நினைவில்லை. ஒன்பதாம் வகுப்பு நடுவில் ஒரு திங்கட்கிழமை, “நாளையிலிருந்து புள்ளய நீ பாத்துக்க” என்றாள் அம்மா. நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாய் இல்லாதவள் சம்மதித்துவிட்டாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டீர்கள்.

நேற்றுக் குழாயடியில் உருண்டை என் பாவாடையை இழுத்து “அம்மா, தண்ணி” என்றாள். வரிசையில் நின்ற தையல்காரி அக்கா, “ஏண்டி, கல்யாணம் எப்ப ஆச்சு? எங்களுக்கெல்லாம் சொல்லவேயில்ல!” என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் உட்கார வைத்து, “சித்தி சொல்லு” என்று சொல்லிக்கொடுத்தேன். “சித்தியம்மா” என்றாள். அதற்கு மேல் என்னால் திருத்த முடியவில்லை.

கப்பல் பற்றி எழுது.

உன் தங்கை


ஜூலை 30

தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம்தானே? இங்கே சூரியன் இறங்குவதே இல்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டித் தூங்குகிறோம்.

ஒரு அதிசயம் கேள். பலகைப் பாதை ஓரத்து முட்டையை அடைகாத்தது தாய் இல்லை, தகப்பன்! தாய் நாலு முட்டையை இட்டு அவனிடம் விட்டுவிட்டு, தள்ளிப்போய் இன்னொரு கூட்டில் நாலு இட்டு, அதில் தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆளுக்கொரு கூடு. அவன் மழையிலும் எழுந்திருக்கவில்லை. கொசு மொய்த்தும் எழுந்திருக்கவில்லை. நான் துணிக்கூடையோடு போகும்போதெல்லாம் நின்று பார்ப்பேன். இஸ்திரிக்காரி, “என்னடி, பறவைப் புருஷனையே அப்படிப் பாக்குறே?” என்று கேலி செய்தாள்.

குஞ்சுகள் பொரித்துவிட்டன. கட்டைவிரல் நுனி அளவு. பொரித்த அன்றே ஓடிப்போய்த் தாமாகவே பூச்சி பிடித்துத் தின்கின்றன. யாரும் ஊட்டுவதில்லை.

பெரியவை இப்போதே கிளம்ப ஆரம்பித்துவிட்டன. குஞ்சுகள் சில வாரம் கழித்து, தாமாகவே, வழி காட்ட ஆள் இல்லாமல் அவ்வளவு தூரமும் வந்து சேருமாம்! முதலில் எனக்கும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பறவைக்காரம்மா சொன்னார், இங்கே கோடை கொஞ்ச நாள்தான், தீனியும் கொஞ்சம்தான், பெரியவையும் உட்கார்ந்து தின்றால் குஞ்சுகளுக்கு மிச்சம் இருக்காது, அதனால்தான் அவை முன்னால் போகின்றன என்று. யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு பாசம்தான், இல்லையா?

கப்பல் விஷயம் பார்க்கலாம். இன்னும் நாள் இருக்கிறது.

பார்சலில் சிவப்புக் கம்பளிச் சட்டை வைத்திருக்கிறேன், உருண்டைக்கு.

அக்கா


ஆகஸ்ட் 21

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். சட்டை வந்தது. ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு வாங்கியிருக்கிறாய். அவளுக்கு மூன்று ஆகப் போகிறது. கை முழங்கை வரைதான் வருகிறது. தலை நுழையவே இல்லை. நுழைக்கப் பார்த்தேன், வீடே அதிரக் கத்தினாள்.

நீ எழுதிய பாசத்தைப் பற்றி யோசித்தேன். பாத்திரம் தேய்க்கும்போது யோசித்தேன், உருண்டைக்கு மூக்குச் சிந்திவிடும்போது யோசித்தேன். குஞ்சுக்கு மிச்சம் வைக்கத்தான் பெரியவை முன்னால் கிளம்புகின்றன என்று சொல்வது யார்? குஞ்சா?

உன் பறவைகள் வர ஆரம்பித்துவிட்டன. பெரியவை மட்டும். துரு நிறம் மங்கி, இறகு பிய்ந்து, பழைய துடைப்பம் மாதிரி இருக்கின்றன. வந்து இறங்கியதும் தலையைத் தூக்காமல் தின்கின்றன. போன வருடம் வரை அவை களைத்துப்போய் வருகின்றன, பாவம் என்று நினைப்பேன். இந்த வருடம் வரப்பில் நின்று ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். எதன் மேலும் படவில்லை. எல்லாம் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடத்தில் இறங்கின. அவற்றுக்கு என்ன தெரியும், யார் மேல் எனக்குக் கோபம் என்று.

உருண்டைக்குப் போன வாரம் காய்ச்சல். இரண்டு நாள் நெஞ்சிலேயே போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள் அம்மா, “அவ அங்க தனியாக் கெடந்து கலங்குவா” என்று. நீ கலங்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

செப்டம்பர் கப்பலில் ஏறுகிறாயா, இல்லையா? ஒரு வார்த்தை போதும். பறவை பற்றி எழுதாதே.

தங்கை


செப்டம்பர் 10

தங்கச்சிக்கு,

நான் சுகம். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதில் நிம்மதி.

இந்தக் கப்பலில் வர முடியவில்லை. குளிர்காலத்துக்கு ஆள் போதாது என்று எங்களைக் கேட்காமலே நிறுத்திவிட்டார்கள். நான் என்ன செய்வது? அடுத்த கோடையில் பார்க்கலாம். நம் தெரு வெல்டர் மாமா இந்தக் கப்பலில் வருகிறார். அவரிடம் அம்மாவுக்குப் போர்வையும் உனக்கு ஒரு பேனாவும் கொடுத்து அனுப்புகிறேன்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

அக்கா


அக்டோபர் 19

அக்காவுக்கு,

சுகம்.

வெல்டர் மாமா வந்தார். நான் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் போர்வையை வெளியே எடுப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

“எம் பொண்ண ஏண்ணே விடமாட்டேங்கிறாங்க? பச்சப் புள்ளக்காரின்னு ஒரு இரக்கம் வேணாமா?”

“யாரு விடல?” என்றார் மாமா.

“அவதான் எழுதியிருக்காளே, கேக்காம நிறுத்திட்டாங்கன்னு.”

மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. டீயை ஊதினார், துண்டால் முகத்தைத் துடைத்தார். “அது வந்து... குளிருக்கு ஆளு வேணும்தான். ஆனா...” என்று இழுத்தார்.

அக்கா, நான் கதவை விட்டு வெளியே வந்தேன். அவர் என் குரலைக் கேட்டே நாலைந்து வருடம் இருக்கும். “எப்படிக் கேட்டாங்க, மாமா?” என்றேன்.

“சாப்பாட்டுக்கூடத்துல வச்சு, ‘குளிருக்கு இருக்க இஷ்டப்படறவங்க கையத் தூக்குங்க’ன்னாரு மேனேஜரு. என்னைப் பாத்து, ‘நீ தூக்கினாலும் கப்பல்ல ஏத்திருவேன், ஒன் இருமல் தாங்கல’ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க.”

“அக்கா?”

அவர் அம்மாவைப் பார்த்தார். “அவ மொத ஆளாத் தூக்கினாம்மா. ரெண்டு கையையும் தூக்கினா.”

அம்மா உடனே, “அவ நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பா. மாசாமாசம் அனுப்புறாளே” என்றாள். பிறகு போர்வையை விரித்துப் பார்த்து, “நல்ல கனம்” என்றாள். பிறகு என்னிடம், “நீ நாலெழுத்துப் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறே? புள்ள ஒங்கிட்ட ஒட்டிக்கிச்சு. அப்படியே இருந்துட்டுப் போ” என்றாள். இதுதான் தீர்ப்பு. இவ்வளவு நேரம்தான் ஆனது.

மாமா போன பிறகு உருண்டையைத் தூக்கிக்கொண்டு பாத்திப் பக்கம் போனேன். குஞ்சுகள் வந்திருந்தன. எத்தனையோ வருடமாக இவற்றை நான் வேறு ஜாதிப் பறவை என்று நினைத்திருக்கிறேன். முன்னால் வருவது பழசு, பின்னால் வருவது புதுசு என்றுதான் உப்பளத்தில் சொல்வார்கள். இறகெல்லாம் கசங்காமல், முதுகில் வெள்ளைக் கோடு இரண்டு கூரை மாதிரி சரிந்து, இப்போதுதான் கடையில் வாங்கிய சட்டை போட்டது போல இருந்தன. அவற்றை யாரும் கூட்டிக்கொண்டு வரவில்லை. பெரியவற்றின் பக்கத்திலேயேதான் தின்றன. ஒன்றையொன்று தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

ஏன் இரண்டு கை, அக்கா? ஒரு கை போதாதா?

பேனா நன்றாக எழுதுகிறது. இது அதில்தான் எழுதியது.

தங்கை


நவம்பர் 14

அக்காவுக்கு,

அம்மா சுகம். உருண்டை சுகம்.

கப்பல் நின்ற பிறகு அங்கிருந்து தபால் விமானம் மாதம் ஒரு முறை கிளம்பும் என்று மாமா சொன்னார். ஒன்று வந்துவிட்டது. அதில் தையல்காரி அக்காவின் தம்பி எழுதிய கடிதம் இருந்தது. உன்னுடையது இல்லை.

பதில் எழுதக் கூச்சமாக இருந்தால் பறவை பற்றியாவது எழுது.

தங்கை


டிசம்பர் 1

என் தங்கச்சிக்கு,

அம்மாவின் சுகத்தையும் உன் சுகத்தையும் கோருகிறேன்.

பறவை பற்றி எழுத ஒன்றுமில்லை. பனிக்கு அடியில் பலகைப் பாதையே காணோம். கூம்பை எடுத்து ஸ்டோரில் போட்டுவிட்டார்கள். பகல் என்று ஒன்று இல்லை.

மாமா சொன்னது உண்மை. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மேனேஜர் கேட்டு முடிப்பதற்குள் கை தானாக எழுந்துவிட்டது. பிறகு உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன், இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை.

குளிருக்குத் தங்குகிறவர்களுக்குத் தனி அறை. ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு ஜன்னல். சாவி என்னிடம். உன்னால் இதைப் புரிந்துகொள்ள முடியுமா தெரியவில்லை. அங்கே நான் குழாயடிக்குப் போனால், ‘புருஷன் விட்டுட்டுப் போனவ வர்றா’ என்று இடம் விடுவார்கள். அந்த இரக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு குடத்தை நிரப்புவேன். இங்கே நான் சலவைக்காரி. நல்ல சலவைக்காரி. யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை.

உன்னிடம் பொய் எழுதியது தப்பு. உன் பள்ளிக்கூடத்தை நான் மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். நினைத்து என்ன பிரயோசனம் என்று கேட்பாய்.

அவள் சட்டை அளவை எழுது. இப்போது என்ன அளவு என்று எனக்குத் தெரியவில்லை.

(இதற்கு மேலே ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். மன்னித்துக்கொள். தாள் வேறு இல்லை.)

அக்கா


ஜனவரி 8

அக்காவுக்கு,

சுகம். அம்மாவுக்கு மட்டும் பித்தவெடிப்பு, உப்புத் தண்ணீரில் நின்று நின்று.

நீ அடித்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். படிக்க முடியவில்லை. அதுவே நல்லது. படிக்க முடிந்திருந்தால் உன்மேல் இரக்கப்பட்டிருப்பேன். இப்போது எனக்கு அதற்கு நேரமில்லை.

குழாயடியில் உனக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாயா? உனக்குப் பின்னால் குடத்தோடு நின்றவள் நான்தான். அந்தப் பேச்சும் உன்னோடு போய்விடவில்லை. இப்போது எனக்கு வருகிறது, கூடவே உருண்டைக்கும். நீ அதிலிருந்து தப்பித்துப் போனாய். போ. ஆனால் என்னை உன் இடத்தில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாய், ‘திரும்பி வந்துவிடுவேன்’ என்று சொல்லி. போகட்டுமா என்று என்னிடம் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நீ கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அவள் சட்டை அளவை எழுதப் போவதில்லை. வந்து அளந்துகொள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. காலையில் அம்மா உப்பளத்துக்குக் கிளம்பும்போது, “புள்ளயக் கூட்டிட்டுப் போம்மா. அங்க நெழல்ல நாலு புள்ளைங்க இருக்குல்ல” என்றேன்.

“வெயில்ல காயப் போடச் சொல்றியா, பாவி?” என்றாள். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

நான் உருண்டைக்குத் தலை வாரி, பழைய சீருடையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பாவாடை முழங்காலுக்கு ஏறிவிட்டது. தையலைப் பிரித்து இறக்கினேன். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தேன். குழாயடியில் தையல்காரி அக்கா வாயைத் திறந்தாள். “பள்ளிக்கூடத்துக்குப் போறேன்க்கா” என்று நானே முந்திக்கொண்டேன். அவள் அப்படியே வாயை மூடிக்கொண்டாள்.

பெரிய டீச்சர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“நீ வந்துட்டியா! சரி, இது யாரு?”

“எங்க அக்கா பொண்ணு, டீச்சர்.”

“புள்ளயோடல்லாம் வகுப்புல உக்கார முடியாதும்மா. அவ அம்மா எப்ப வருவா?”

இந்தக் கேள்விக்கு இத்தனை நாளும் ஒரே பதில்தான் சொல்லிவந்தேன், கேட்டவர்கள் எல்லோரிடமும். சீக்கிரம் வந்துருவாங்க. அன்றைக்கும் அது நாக்கு நுனி வரை வந்தது.

“வரமாட்டாங்க, டீச்சர். நான் வந்திருக்கேன்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். உருண்டை அவரிடம், “சித்தியம்மா படிக்கும்” என்றாள். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

“அழுதா வெளிய அனுப்பிடுவேன்” என்றார் டீச்சர். யாரை என்று சொல்லவில்லை.

கடைசி பெஞ்சில் இடம் இருந்தது. உருண்டையைச் சுவர் ஓரமாக உட்காரவைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.